தலைவர் போன விமானம் விழுந்துவிட்டது, போனில் கதை கொட்டுகிறது: என்ன செய்யலாம்?

2021 டிசம்பர் 8, மத்தியானம். சோமனூரில் எங்கள் தறிக்குடோனுக்குப் பக்கத்துப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சூலூர் விமானப்படைத் தளம் எங்களுக்குப் பக்கம்தான், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் இங்கே யாரும் தலை நிமிர்த்திக்கூடப் பார்க்க மாட்டோம். அன்று 11.48க்கு அங்கிருந்து கிளம்பிய எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08க்கே தொடர்பு அறுந்துபோனது. குன்னூருக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15ஆம் தேதி இறந்தார்.

சாயங்காலத்துக்குள் எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ. நடுவானில் தீப்பிடித்துச் சுழன்றபடி ஒரு ஹெலிகாப்டர் விழுகிறது, கீழே "சுட்டு வீழ்த்தினார்கள்" என்று எழுத்து. அனுப்பியது பெரியப்பா. நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன். அது 2020இல் சிரியாவில் எடுத்த வீடியோ என்று பிறகுதான் தெரிந்தது. நான் அனுப்பிய நாலு பேரில் ஒருவருடைய தம்பி ராணுவத்தில் இருக்கிறார், அந்த வீட்டில் அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். ராவத் அரசியல்வாதி இல்லை, ஆனால் ஒரு முதலமைச்சரோ எம்பியோ வேட்பாளரோ சின்ன விமானத்தில் போய் இறந்தாலும் இதே கதைகள்தான் இதே வரிசையில் வரும். அப்படி வரும்போது நான் செய்வதை இங்கே எழுதுகிறேன், நீங்களும் செய்யலாம்.

முதல் வேலை வீடியோ. வந்த வீடியோவை ஓட்டி, பின்னணி தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதைக் கூகுள் லென்ஸில் போட்டால், பழைய வீடியோவாக இருந்தால் பெரும்பாலும் எங்கே எப்போது வந்தது என்று காட்டிவிடும். இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் பொறுக்க முடியாவிட்டால் அனுப்பாமல் இருங்கள், அவ்வளவுதான்.

அடுத்து ஒரு காகிதத்தில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: என்ன ரக விமானம், பதிவு எழுத்து என்ன (நம் நாட்டு சிவில் விமானம் என்றால் விடி என்று ஆரம்பிக்கும்), எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, உள்ளே எத்தனை பேர். முதல் இரண்டும் தெரிந்தால் யார் விசாரிப்பார்கள் என்பது தெரியும். சிவில் விமானம் என்றால் ஏஏஐபி என்கிற விமான விபத்து விசாரணைப் பிரிவு, இது 2012இல் ஏற்பட்டது, அதற்கு முன்னால் பெரும்பாலும் டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கையில். ராணுவ விமானம் என்றால் படையே அமைக்கும் விசாரணைக் குழு (கோர்ட் ஆஃப் என்கொயரி), அதன் முழு அறிக்கை வழக்கமாக வெளியே வராது. குன்னூர் விபத்தில் அப்படித்தான், முடிவின் சுருக்கத்தை மட்டும் 2022 ஜனவரியில் சொன்னார்கள். "அறிக்கையை ஏன் மறைக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டால், இது எந்த வகை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். மறைப்பதும் வழக்கமாகவே வெளியிடாமல் வைப்பதும் ஒன்றல்ல. வெளியிடாமல் வைப்பது சரியா என்பது வேறு சண்டை, அதில் நான் கேட்பவர்கள் பக்கம்தான்.

ஐந்தாவதாக எழுதச் சொன்ன அந்த எண்ணிக்கை எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். கதையில் எப்போதும் ஒருவர்தான் இறப்பார், விமானத்தில் அப்படி இருப்பதில்லை. 2001 செப்டம்பர் 30, காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியா கான்பூர் பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது உத்தரப் பிரதேசம் மைன்புரி பக்கத்தில் விமானம் விழுந்தது. எட்டுப் பேர், அதில் நாலு பேர் செய்தி சேகரிக்கப் போன பத்திரிகைக்காரர்கள், இரண்டு பேர் பைலட்டுகள். சதி என்று சொல்கிறவரிடம் இந்த எட்டுப் பேரையும் வைத்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பைலட் உடந்தை என்கிறாரா? அப்படியென்றால் அவர் ஏன் தானும் சாகச் சம்மதித்தார்? உடந்தை இல்லை என்றால் கடைசி நிமிடங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பெரும்பாலான கதைகள் இந்த இடத்தைத் தாண்டாது.

வானிலை. எல்லாப் பெரிய விமான நிலையமும் மெட்டார் என்று ஒரு குறிப்பு வெளியிடும், காற்று, பார்வைத் தூரம், மேகம் எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் அதில் இருக்கும். கோவைக்கு விஓசிபி (VOCB) என்று தேடினால் கிடைக்கும். ஆனால் மலையில் இது போதாது. கோவையில் வெயில் அடிக்கும்போது குன்னூரில் கை நீட்டினால் விரல் தெரியாது, இது நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அன்று வானம் தெளிவாக இருந்ததே" என்று ஒருவர் எழுதினால், எந்த ஊர் வானம் என்று கேளுங்கள்.

ஃபிளைட்ரேடார்24 மாதிரி செயலியில் விமானம் சட்டென்று காணாமல் போனதை வைத்தும் ஒரு கதை வரும். அந்தச் செயலிகள் பெரும்பாலும் தரையில் இருக்கிற ரிசீவர்களை நம்பி ஓடுகின்றன, நேர் பார்வையில் இருந்தால்தான் சிக்னல் எடுக்கும். விமானம் தாழ்ந்து மலைக்குப் பின்னால் போனால் கோடு அறுந்துவிடும்.

இனி எங்கள் வீட்டில் நடந்த பேச்சு. விபத்து நடந்து ஒன்றரை மாதம் கழித்துப் பெரியப்பா கேட்டார், "ஏனப்பா, அத்தனை பெரிய மனுசன் போற ஹெலிகாப்டர், அதுவும் மிலிட்டரி பைலட்டு, மேகத்துக்குள்ள போயி மலைல மோதுமா? சும்மா சொல்றாங்கப்பா."

நான் சொன்னேன், "பெரியப்பா, போன தை மாசம் குன்னூர் ரோட்டுல பர்லியார்கிட்ட வண்டிய ஓரங்கட்டி நின்னோமுங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? எதுக்கால வந்த லாரியோட லைட்டே தெரியலைங்க. வண்டி ஏறுதா எறங்குதான்னுகூட உங்களுக்குத் தெரியலைன்னு சொன்னீங்க."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

விசாரணை சொன்னதும் அதுதான். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, பைலட்டுக்குத் திசையும் நிலையும் பிடிபடாமல் போய், இயங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் தரையில் மோதியது. இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றும் காரணம் இல்லை என்றார்கள். மேகத்துக்குள் கண்ணுக்கு எந்தக் கோடும் கிடைக்காதபோது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஏமாற்றும், சாய்ந்து போகும்போது நேராகப் போவதாகத் தோன்றும். அனுபவசாலிக்கும் இது நடக்கும். அப்புறம் 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில், 2017 முதல் 2022 வரை விமானப்படையில் நடந்த 34 விபத்துகளின் பட்டியலில் இதற்குக் காரணமாக "மனிதத் தவறு (விமானக் குழு)" என்று இருந்தது. உடனே குரூப்பில் "பார்த்தீர்களா, மூன்று வருஷம் மறைத்தார்கள்" என்று ஆரம்பித்தார்கள். திசை தெரியாமல் மோதியதை அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் எழுதினால் அந்தத் தலைப்பின் கீழ்தான் வரும். இரண்டும் ஒரே செய்தி. இரண்டு வார்த்தை வேறாக இருந்தால் இரண்டு உண்மை என்று நினைத்துவிடக் கூடாது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இப்போது சிதைவுகள் பற்றி. இது தெரிந்துவிட்டால் பாதிக் கதை உதிர்ந்துவிடும். வானத்தில் வெடித்த விமானத்தின் துண்டுகள் பல கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும். மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனி நாலும் ஒரே இடத்தில் கிடைத்தால், மோதும்வரை விமானம் முழுசாக இருந்தது என்று அர்த்தம். வெடிமருந்து உலோகத்தில் சின்னச் சின்னக் குழிகளை விடும், ரசாயன எச்சத்தையும் விடும். பறக்கும்போதே தீப்பிடித்திருந்தால் கரி காற்று போகும் திசையில் பின்னோக்கிக் கோடாகப் படிந்திருக்கும், விழுந்த பிறகு எரிந்திருந்தால் மேல் நோக்கிப் போகும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்பதை புரொப்பல்லர் வளைந்திருக்கிற விதமே சொல்லிவிடும். துணியில் கோளாறு இருந்தால் நாங்கள் துணியைத்தான் தடவிப் பார்ப்போம், தறிக்காரனுக்கும் முதலாளிக்கும் என்ன தகராறு என்று விசாரிக்கப் போவதில்லை. விபத்து விசாரணையும் அப்படித்தான் பொருளில் இருந்து ஆரம்பிக்கும்.

"எரிந்துகொண்டே விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்" என்று சாட்சி சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். சத்தம் கேட்ட பிறகு திரும்பிப் பார்க்கிறார், தீ தெரிகிறது, மனசு இரண்டையும் சேர்த்து முன்பின்னாக அடுக்கிவிடுகிறது. அதனால்தான் சாட்சியைக் கரிக் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள்.

கருப்புப் பெட்டி, அதன் நிறம் ஆரஞ்சு. பெரிய விமானத்தில் கட்டாயம் இருக்கும், சின்ன விமானம் பலவற்றில் சட்டப்படியே தேவையில்லை. அமெரிக்காவில் மினசோட்டா செனட்டர் பால் வெல்ஸ்டோன் 2002 அக்டோபர் 25 அன்று இறந்த கிங் ஏர் விமானத்தில் குரல் பதிவுக் கருவி இல்லை. "எப்படி இல்லாமல் போகும்?" என்பதே ஒரு கதையாகிவிட்டது. பிரேசிலில் 2014 ஆகஸ்ட் 13 அன்று ஜனாதிபதி வேட்பாளர் எடுவார்டோ காம்போஸ் இறந்த விமானத்தில் கருவி இருந்தது, ஆனால் அதில் இருந்த இரண்டு மணி நேரக் குரலும் அந்தப் பயணத்துடையது இல்லை. கேட்கும்போது எனக்கும் உறுத்துகிறது, உறுத்தாமல் எப்படி இருக்கும்? ஆனால் கருவி வேலை செய்யவில்லை என்பதிலிருந்து கருவியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்றுதான் நேரே போக முடியும். கொலைக்குப் போக இன்னொரு ஆதாரம் தனியாக வேண்டும்.

வெல்ஸ்டோன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சதிக்கதைக்கு வேண்டிய எல்லாச் சாமானும் அதில் இருக்கின்றன. இராக் போர்த் தீர்மானத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தேர்தலுக்கு 11 நாள். செனட்டில் இரண்டு கட்சியும் மயிரிழையில். அவர் ஒரு கட்சிக்காரரின் அப்பா எழவுக்குப் போய்க்கொண்டிருந்தார், நம் எம்எல்ஏக்கள் போவது மாதிரிதான். கூட மனைவி, மகள், மூன்று தேர்தல் பணியாளர்கள், இரண்டு பைலட்டுகள். எவலத் என்கிற சின்ன ஊர், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையம், தாழ்ந்த மேகம், உறைபனி படியும் வானிலை. மின்காந்த ஆயுதத்தால் அடித்தார்கள் என்றார்கள், எஃப்பிஐ ஆட்கள் ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்றார்கள். 2003 நவம்பரில் என்டிஎஸ்பி என்கிற அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு சொன்ன முடிவு: இறங்கும்போது பைலட்டுகள் போதிய வேகத்தைக் காக்கவில்லை, விமானம் ஸ்டால் ஆனது, மீளவில்லை. இங்கே ஒரு வார்த்தைக் குழப்பம் உண்டு. ஸ்டால் என்றால் கார் மாதிரி எஞ்சின் நின்றுபோவது இல்லை. வேகம் குறைந்து, மூக்கு தூக்கி, இறக்கை தாங்குவதை விட்டுவிடுவது. எஞ்சின் நன்றாக ஓடும்போதே இது நடக்கும். "இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் எப்படி நிற்கும், அதனால் மின்காந்தம்தான்" என்று போகிறவர்கள் இந்த வார்த்தையிலேயே வழி தவறுகிறார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2000 அக்டோபர் 16, மிசோரி கவர்னர் மெல் கார்னஹன், அவரும் அதே கட்சியின் செனட் வேட்பாளர், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சின்ன செஸ்னா விழுந்து இறந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதுகு சிலிர்க்கும். ஆனால் கார்னஹன் விமானத்தை ஓட்டியது அவருடைய சொந்த மகன். அப்புறம் ஏன் தேர்தல் நேரத்திலேயே விழுகிறது என்றால், தேர்தல் நேரத்தில்தான் தலைவர்கள் அப்படிப் பறக்கிறார்கள். நாளைக்கு நாலு கூட்டம், ஓடுதளம் மட்டும் இருக்கிற ஊர்கள், வானிலை சரியில்லை என்றாலும் "கூட்டம் காத்திருக்கிறதே" என்கிற நெருக்கடி, மாலை நேரம். நடிகை சௌந்தர்யா 2004 ஏப்ரல் 17 அன்று இறந்ததும் பெங்களூருவில் இருந்து பிரசாரத்துக்குக் கிளம்பியபோதுதான். நெருக்கடி கொடுத்தது யார், அந்த வானிலையில் கிளம்பலாம் என்று முடிவெடுத்தது யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சதிக் கதை இந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

"யாருக்கு லாபம்?" என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெரிய தலைவர் இறந்தாலும் பத்துப் பேருக்கு லாபம் இருக்கும், மாரடைப்பில் இறந்தாலும் இருக்கும். அது யாரை விசாரிக்கலாம் என்று சொல்லும், என்ன நடந்தது என்று சொல்லாது. ஆந்திராவில் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி 2009 செப்டம்பர் 2 அன்று நல்லமலைக் காட்டில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார், கூட நாலு பேர். நாலு மாதம் கழித்து 2010 ஜனவரியில், வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் வந்திருந்த கட்டுரையை எடுத்து ஒரு டிவி சேனல் "லாபம் இந்தப் பெரிய நிறுவனத்துக்கு" என்கிற பாணியில் ஒளிபரப்ப, அன்று ராத்திரியே அந்த நிறுவனத்தின் கடைகளை மாநிலம் முழுக்க அடித்து உடைத்தார்கள். கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் சம்பளம் பத்தாமல் கடன் வாங்குகிற பிள்ளைகள்தானே.

சரி, அப்படியானால் சந்தேகப்படவே கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே சுட்டு வீழ்த்தியிருக்கிறார்கள். 1965 செப்டம்பர் 19, போர் நடக்கும்போது குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா போன சின்ன பீச்கிராஃப்ட் விமானத்தை கட்ச் எல்லையில் பாகிஸ்தான் போர் விமானம் சுட்டது. அவர் மனைவி உட்பட எட்டுப் பேரும் இறந்தார்கள். சுட்ட பைலட் 46 வருஷம் கழித்து, 2011இல், இறந்த இந்திய பைலட்டின் மகளுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார், அந்த மகளும் பதில் எழுதினார். ஐநா பொதுச் செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் 1961 செப்டம்பர் 18 அன்று இப்போதைய ஜாம்பியாவில் உள்ள இண்டோலா பக்கத்தில் இறந்தது இன்றுவரை முடியாத வழக்கு. ஐநாவே மறுபடி ஆராயச் சொல்லி, நாடுகள் தங்கள் உளவுக் கோப்புகளைத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இவற்றுக்கும் வாட்ஸ்அப் கதைக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். இங்கே கேட்கிறவர்கள் இந்தக் கோப்பு, இந்த ரேடியோ பதிவு, இந்தச் சாட்சி என்று குறிப்பிட்டுக் கேட்கிறார்கள். எது கிடைத்தால் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள் என்றும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் குரூப்பில் கதை சொல்கிறவரிடம் அதையே கேளுங்கள்: "என்ன ஆதாரம் வந்தா இது விபத்துதான்னு ஒத்துக்குவீங்க?" பதில் இருந்தால் அவரோடு பேசலாம். "எது வந்தாலும் ஜோடிச்சதுதான்" என்றால் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள்.

எல்லாரும் பார்க்க குரூப்பில் வைத்துத் திருத்தாதீர்கள், குறிப்பாகப் பெரியவர்களை. தனியாக போன் பண்ணுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். எங்கள் அப்பாரு (தாத்தா), மோகன் குமாரமங்கலம் பேச்சு வந்தால் ஒவ்வொரு தடவையும் "அது தானா விழுந்துச்சா?" என்று கேட்பார். திருச்செங்கோடு பக்கத்துக் குடும்பம், மத்திய அமைச்சர், 1973 மே 31 அன்று சென்னையில் இருந்து டெல்லிக்குப் போன போயிங் இறங்கும்போது மோசமான வானிலையில் விழுந்து இறந்தார். 65 பேரில் 48 பேர் போனார்கள், 17 பேர் பிழைத்தார்கள். அப்பாருவுக்கு அந்த 17 பேரைப் பற்றிச் சொன்னது கிடையாது, நான் சொன்னபோது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. "அப்ப அவங்க பொழச்சாங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அவர் சதி என்று சொன்னது எதையும் நம்பிச் சொன்னது இல்லை என்று எனக்கு அப்போது பட்டது, நம் ஊர்ப் பக்கத்து மனுசன் அப்படிப் போய்விட்டாரே என்கிற ஆற்றாமை அது. ஆற்றாமையோடு வாதம் செய்ய முடியாது, பக்கத்தில் உட்காரத்தான் முடியும்.

கடைசியாக அறிக்கை. சிவில் விமானம் என்றால் சர்வதேச விதிப்படி 30 நாளில் முதல்கட்ட அறிக்கை, கூடுமானவரை 12 மாதத்தில் இறுதி அறிக்கை. ஏஏஐபி இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். முழுசாகப் படிக்க முடியாவிட்டால், பெரும்பாலான நாடுகளின் அறிக்கை ஒரே எண் வரிசையில்தான் இருக்கும் என்பதால் நேராகத் தாவலாம்: 1.1 பயணத்தில் நடந்தது, 1.7 வானிலை, 1.11 பதிவுக் கருவிகள், 1.12 சிதைவுகள், 1.13 மருத்துவம், 1.14 தீ. நான் முதலில் 1.12ஐத்தான் திறப்பேன், நாலு நுனியும் எங்கே கிடந்தன என்று பார்க்க. அறிக்கையில் "குற்றவாளி" என்று யார் பெயரும் இருக்காது, அதற்காக ஏமாறாதீர்கள். இன்னொரு விபத்து நடக்காமல் தடுப்பதுதான் அந்த விசாரணையின் ஒரே நோக்கம், குற்றம் சுமத்துவது போலீஸ், கோர்ட் வேலை.

12 மாதம் ஆகியும் வரவில்லை என்றால் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் இடைக்கால அறிக்கையாவது வர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அதனால் விபத்து நடந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதுவும் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்கள், மத்திய அரசு ஆர்டிஐ இணையதளத்திலேயே போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "உண்மையைச் சொல்லுங்கள்" என்று எழுதினால் ஒன்றும் வராது. விமானத்தின் பதிவு எண், விபத்துத் தேதி, இறுதி அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது, தாமதம் என்றால் காரணம் என்ன, முந்தைய அறிக்கையின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்று ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதுங்கள். போன முறை நான் எழுதியதைப் பெரியப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், ஐந்தாவது கேள்வியாக பைலட் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தாச்சா என்பதையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.